என்.எஸ்.கே. தன் நகைச்சுவையைத் தானே எழுதினாரா?

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தன் காமெடியைத் தானே எழுதினாரா, இல்லை யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பழைய படங்களில் அவரும் மனைவி டி.ஏ.மதுரமும் வரும் பகுதி கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதே, அது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன. அவரை வெறும் நடிகர் என்று எடுத்துக்கொள்வதா, எழுத்தாளர் என்றும் சொல்லலாமா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது.

நான் சினிமாக்காரன் இல்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் தேடிச் சேர்த்து, படம், ஆண்டு, நடிகர், பாட்டு எழுதியவர் என்று நோட்டுப் போட்டுப் பதிந்து வருகிறேன். அதனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் காகிதத்திலும் தட்டிலும் இருந்து வருவது. படப்பிடிப்பில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு நான் சாட்சி இல்லை.

சுருக்கமான பதில் இது. அவருடைய நகைச்சுவையில் பெரும்பகுதி அவர் உருவாக்கியதுதான். ஆனால் தனியாக உட்கார்ந்து எழுதியது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, பேசிப் பேசி, பாடிப் பாடிக் கட்டியவர் அவர். நாம் இன்று எழுத்து என்று சொல்வது ஒருவர் கையில் பேனாவோடு இருப்பதை. அவர் வந்த இடத்தில் எழுத்துக்கு அந்த அர்த்தமே கிடையாது.

எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால்தான் இது விளங்கும். 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வீட்டில் வறுமை, படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. காலையில் டென்னிஸ் கோர்ட்டில் பந்து பொறுக்கினார், பகலில் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார், சாயங்காலம் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார் என்று அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கொட்டகையில் விற்கும் பையன் ஒரே நாடகத்தைப் பத்து ராத்திரி பார்த்திருப்பான். எந்த இடத்தில் ஜனம் சிரிக்கிறது, எந்த இடத்தில் எழுந்து வெளியே போகிறது என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும், ஏனென்றால் எழுந்து வருபவர்களிடம்தான் வியாபாரம். இது என் ஊகம்தான், ஆனால் அவர் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவுக்கு வருவான்.

அந்த வட்டாரத்தில் வில்லுப்பாட்டு என்பது கோவில் கொடையில், அதாவது திருவிழாவில், விடிய விடிய நடப்பது. நடுவில் பெரிய வில், அதில் மணிகள், வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். முன்னால் பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ என்று வாங்குவார். வெறுமனே ஆமா போட்டுக்கொண்டே இருக்க மாட்டார். நடுவில் ஒரு சந்தேகம் கேட்பார், ஒரு குறுக்குக் கேள்வி போடுவார், அதற்குப் பதில் சொல்கிற சாக்கில் முன்பாட்டுக்காரர் கதையை விட்டு விலகி ஊர் வம்பைப் பேசிவிட்டுத் திரும்பக் கதைக்குள் வருவார். கதைப்பாடல் ஏட்டில் இருக்கும், இந்தப் பேச்சு எந்த ஏட்டிலும் இருக்காது. அன்றைக்குக் கூடியிருக்கும் ஜனத்தைப் பார்த்து அங்கேயே பிறப்பது. கிருஷ்ணன் இளமையில் வில்லுப்பாட்டுப் பாடியவர், பிற்காலத்தில் காந்தியின் கதையையே வில்லில் பாடியவர். படத்தில் அவர் ஒன்று சொல்ல மதுரம் இடைமறித்துக் கேட்க, அதிலிருந்து அவர் இன்னொன்றுக்குப் போவதைக் கவனியுங்கள். வில்லில் இருக்கும் அதே முன்பாட்டும் பின்பாட்டும்தான். ஒரே வித்தியாசம், வில்லில் பின்பாட்டுக்காரர் கடைசியில் ஒத்துக்கொள்வார், மதுரம் பல நேரம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் நாடகக் கம்பெனி. டி.கே.எஸ். சகோதரர்களின் பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தார். பையன்களையே வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனியில் ஒரு பையனுக்கு ஒரு வேடம் என்று இருக்காது. எல்லாப் பாடமும் நெட்டுருப் போட வேண்டும், ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம், கட்ட வேண்டும். டி.கே.சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் கிருஷ்ணனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்தக் கம்பெனி வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

நாடக மரபில் பபூன் என்று ஒரு கோமாளி உண்டு. ஒரு கம்பெனியாக இல்லாமல் நடிகர்கள் அன்றைக்குக் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் அவருக்கு எழுதிய பாடம் கிடையாது. கதை வள்ளி திருமணமாக இருந்தாலும் பவளக்கொடியாக இருந்தாலும் பபூன் தன் சொந்தச் சரக்கோடு வருவார், பாடுவார், அன்றைய விலைவாசியைப் பேசுவார், போவார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததே இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பேசும் படம் வந்தபோது ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாட்டு எல்லாம் மேடையிலிருந்து அப்படியே ஸ்டுடியோவுக்குப் போயின. பபூனும் கூடவே போனார். காமெடி தனி டிராக்காக நின்றது சினிமாவின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அது மேடையில் ஜனம் பழகியிருந்த முறை.

திரையில் அவர் முதலில் வந்தது 1935இல் வெளியான ‘மேனகா’வில். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகம்தான் படமானது. ‘சதி லீலாவதி’ (1936) அவருடைய முதல் படம் என்றும் படித்திருப்பீர்கள். படத்துக்கு முதலில் ஒப்பந்தமானது எது, வெளிவந்தது எது என்ற குழப்பம்தான் காரணம். எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் என்பதால் ‘சதி லீலாவதி’ அதிகம் பேசப்படுகிறது. அந்தப் படத்திலேயே தன் நகைச்சுவைப் பகுதியை அவரே அமைத்துக்கொண்டார் என்று தமிழ்த் திரை வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டகை வாசலில் விற்ற மெல்லிய புத்தகம் அது. மட்டமான காகிதம், இன்று தொட்டால் ஓரம் பொடியாகக் கையோடு வரும், நடுவில் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் விட்டிருக்கும். முதலில் நடிகர் பட்டியல், அப்புறம் கதைச் சுருக்கம், சுருக்கத்தின் கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’, அதற்குப் பிறகு பாட்டுகள். 1940களின் தொடக்கத்தில் வந்த இப்படி ஒரு புத்தகத்தை நான் முதன்முதலில் வரிக்கு வரி படித்தபோது ஒன்று உறைத்தது. கதைச் சுருக்கத்தில் கிருஷ்ணன் ஏற்ற பாத்திரத்தின் பெயரே இல்லை. ராஜா, ராணி, வில்லன், தோழி எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் நடிகர் பட்டியலில் அவரும் மதுரமும் அவர்கள் குழுவும் கீழே தனியாக நிற்கிறார்கள், பாட்டுப் பக்கத்தில் அவர்கள் பாட்டு முழுசாக அச்சாகியிருக்கிறது. கதை எழுதியவருக்கு அந்தப் பகுதி தன் கதையில் சேர்த்தியே இல்லை. அப்படியானால் அதை எழுதியவர் யார்? வசனம் என்று ஒரே ஒரு பெயர்தான் போட்டிருக்கும். நகைச்சுவைப் பகுதிக்கென்று தனிப் பெயர் இல்லை. இதனால்தான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் படம் படமாக ஆதாரம் காட்டுவது கடினம். அவர் தன் ஆட்களை வைத்துக் காட்சிகளைத் தயார் செய்து, படமாக்கவும் செய்து, தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்து வந்தார் என்பது அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பலரும் ஒருமித்துச் சொல்வது, புத்தகங்களும் அதோடு முரண்படவில்லை.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ‘சதி லீலாவதி’, ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940) மூன்றையும் இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாத ஒரு இயக்குநர் ஒரு சொல்லின் இரட்டை அர்த்தத்தையோ நாஞ்சில் நாட்டுப் பேச்சின் இழுவையையோ நடிகருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அந்தப் பொறுப்பு முழுக்க நடிகர் கையில்தான் இருந்திருக்கும். ‘சகுந்தலை’யில் கிருஷ்ணனும் டி.எஸ்.துரைராஜும் மீனவர்களாக வருவார்கள். அந்தப் படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும் இருந்தும் மீனவர் சண்டையைத் தனியாக நினைவு வைத்திருந்தவர்கள் பலர். மோதிரத்தை விழுங்கிய மீனும் அதைப் பிடித்த மீனவனும் காளிதாசனிலேயே உண்டு. காமெடி எப்போதும் கதைக்கு வெளியேதான் நின்றது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கதையில் ஒரு சின்ன இடுக்கு கிடைத்தால் அதற்குள் போய் வீடு கட்டிக்கொள்ள அவருக்குத் தெரியும்.

சரி, அவருடைய கூட்டம் என்றேனே, அதில் யார் யார்? துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் என்று நடிகர்கள். பாட்டுக்கு உடுமலை நாராயண கவி. சமூகக் கருத்தைப் பேச்சுத் தமிழில், தாளம் தப்பாமல் சொல்கிற அந்தப் பாட்டுகளில் எது கவியுடையது, எது கிருஷ்ணன் பாடும்போது சேர்த்தது என்று பிரிக்க என்னால் முடியவில்லை. புத்தகத்தில் அச்சான வரிக்கும் தட்டில் கேட்கும் வரிக்கும் அங்கங்கே வித்தியாசம் உண்டு. எழுதியதை அப்படியே பாடும் வழக்கம் அவருக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது. பிறகு சுப்பு ஆறுமுகம். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞரான அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தவர் கிருஷ்ணன். வில்லிசைக்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர் என்றுதான் இன்று அவரைத் தெரியும், ஆனால் கிருஷ்ணனின் பல படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுத உதவியவரும் அவர்தான். பிற்பாடு நாகேஷுக்கும் எழுதினார். ஆகவே 1940களின் கடைசிக்குப் பிறகு வந்த படங்களைப் பார்த்து ‘எல்லாம் என்.எஸ்.கே. எழுதியது’ என்று சொன்னால் அது இன்னொருவர் உழைப்பை மறைப்பதாகிவிடும். அந்தத் தவறை நான் பல கட்டுரைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மறைக்கப்பட்ட இன்னொரு உழைப்பு மதுரத்துடையது. ‘வசந்தசேனா’ (1936) சமயத்தில் சந்தித்து மணந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே அணி. அந்த ஜோடியின் நகைச்சுவையில் கிருஷ்ணன் சொல்வது பாதிதான், மதுரம் அதை நம்பாமல் பார்க்கிற பார்வை மீதிப் பாதி. தட்டில் பார்வை தெரியாது. அதனால் அங்கே ஒரு ‘ம்’ அல்லது ஒரு ‘அதெப்படி’ அந்த வேலையைச் செய்யும். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு தடவை சுழலும் அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு சச்சரவு தொடங்கி, ஒரு பாட்டு வந்து, ஒரு முடிவும் வர வேண்டும். அந்தக் கணக்கில் அவர் எப்போது நிறுத்துகிறார் என்பதைத் தீர்மானிப்பது மதுரத்தின் குறுக்கீடுதான். யாராவது இதைத் தனியாக ஆராய்ந்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

சிறைவாசத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அவர் எழுத்தாளராக மாறியதில் அதற்குப் பங்கு உண்டு. ‘இந்து நேசன்’ பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாடக நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள், 1945இல் ஆயுள் தண்டனை, உயர் நீதிமன்ற மேல்முறையீட்டிலும் தோல்வி. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்ப விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். கிட்டத்தட்ட இரண்டரை வருடம். அந்த நாட்களில் மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் அவர் பெயரிலான நாடக சபாவை விடாமல் நடத்தினார்கள். ‘பைத்தியக்காரன்’ நாடகம் அந்தச் சபாவில் வந்தது, 1947இல் படமும் ஆனது. சபாவிலிருந்து பிரிந்துபோன நடிகர் கே.ஆர்.ராமசாமி தொடங்கிய சபாவுக்கும் கிருஷ்ணன் பெயரைத்தான் வைத்தார், அண்ணாவின் நாடகங்கள் அதில் மேடையேறின. விடுதலைக்குப் பிறகு பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ணனோ சிறைக்குப் போய் வந்ததையே பாட்டாக்கி ‘பைத்தியக்காரன்’ படத்தில் பாடினார். ஒரு மனிதனின் மிகப் பெரிய அவமானத்தை அவரே ஜனத்தின் முன்னால் எடுத்து வைத்து, அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார். இதை எழுதிக் கொடுத்து யாரையும் செய்ய வைக்க முடியாது.

அதற்குப் பிறகு வந்தவைதான் அவர் பெயரை எழுத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய வேலைகள். ‘நல்லதம்பி’ (1949) அண்ணா எழுதி, கிருஷ்ணன் கதாநாயகனாக நடித்த படம். ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) இரண்டும் அவரே இயக்கியவை, வசனம் கருணாநிதி. வசனத்துக்கு அண்ணாவும் கருணாநிதியும் இருக்கும்போது கிருஷ்ணன் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். ‘நல்லதம்பி’யில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை, அதாவது பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் பகுதியைப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை அந்தத் தலைமுறை முழுக்கக் கேட்டு வளர்ந்தது. காலட்சேபம் செய்யும் பாகவதர் கையில் சிப்ளாக்கட்டை என்ற தாளக் கட்டையோடு நின்று, ஒரு பாட்டு, கொஞ்சம் வசனம், ஒரு உபகதை என்று போவார். கிருஷ்ணன் அந்த உருவத்தில் எதையும் மாற்றவில்லை. அதே நிற்கிற தோரணை, அதே இழுப்பு, அதே பின்பாட்டு. மாற்றியது ஒன்றே ஒன்று. நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான், கிந்தன் பள்ளிக்கூடம் போகத் துடிக்கிறான். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் படிக்க வேண்டும் என்ற விஷயத்தை அந்த நாளில் பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். காலட்சேபமாகச் சொன்னதால் காலட்சேபத்துக்குப் பழகியவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள், சிரித்தார்கள், சிரித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று புரிந்தது. நந்தனாரையோ பக்தியையோ அவர் கிண்டல் செய்யவில்லை. அந்தச் சின்ன மாற்றத்தை யோசித்த மூளையை எழுத்தாளர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

‘பணம்’ படத்தில் அவர் பாடும் ‘தினா முனா கானா’வும் அதே வகை. தி.மு.க. தொடங்கி மூன்று வருடம் சொச்சம்தான் ஆகியிருந்த நேரம். மூன்று எழுத்தையும் பாட்டில் போட்டு, விரிவு கேட்டால் திருக்குறளைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

உறுதியில்லாதவை நிறைய. அவர் வள்ளல் என்பதில் சந்தேகமில்லை, கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் இருந்தார் என்பதிலும் இல்லை. ஆனால் யாருக்கு எப்போது எதைக் கழற்றிக் கொடுத்தார் என்ற கதைகள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். அவற்றை அன்பின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், வரலாறாக எழுதக் கூடாது. அவர் நூற்றைம்பது படம் நடித்தார் என்று சொல்லப்படும் எண்ணிக்கையையும் நான் பயன்படுத்துவதில்லை, என் நோட்டில் அது அப்படி வரவில்லை. ஒரு கதையை மட்டும் சொல்கிறேன், வார்த்தைக்கு வார்த்தை நடந்ததா என்று கேட்காதீர்கள். 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசப் போனாராம். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பெயர் வாங்கிய டாக்டர். கிருஷ்ணன் பேச்சு முழுக்க டாக்டரையே புகழ்ந்தார், கைராசிக்காரர், ஏழைக்கு இரங்குபவர், ராத்திரி எழுப்பினாலும் வருவார் என்று. கூட்டத்தில் கட்சிக்காரர்கள் முகம் சுருங்கியது. கடைசியில், இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள், அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாத்துரையை அனுப்புங்கள் என்று முடித்தாராம். அண்ணா அந்தத் தேர்தலில் ஜெயித்தார், அது மட்டும் பதிவில் இருக்கிறது. கதையின் கட்டுமானத்தைப் பாருங்கள். எதிராளியைப் பற்றி ஒரு சொல் கெடுதலாக இல்லை. முழுப் பேச்சும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போய், கடைசி வரியில் மொத்தமும் திரும்புகிறது. இதை வேறு யாரோ அவர் பெயரில் கட்டியிருந்தால்கூட, அவர் முறையை நன்றாகப் படித்தவர்தான் கட்டியிருக்க வேண்டும்.

அதே 1957இல், ஆகஸ்ட் 30 அன்று, நாற்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார். தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில் திறந்து வைத்தவர் அண்ணா, உடல்நிலை மிக மோசமாக இருந்தபோது வந்து திறந்தார், அடுத்த சில வாரங்களில் அவரும் போய்விட்டார்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் கிந்தனார் காலட்சேபத்தை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை அவரை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது தடவை அவர் குரலை விட்டுவிட்டுப் பின்பாட்டுக்காரர்களை மட்டும் கவனியுங்கள். எங்கே வாங்குகிறார்கள், எங்கே ஒரு நொடி தாமதிக்கிறார்கள், எந்த இடத்தில் அவர் அவர்களுக்காகக் காத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பழைய பாட்டுப் புத்தகம் எதுவும் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நடிகர் பட்டியல் இருக்கும் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.